உத்தரத்துக்கு இன்னும் மூன்று முழம்

மூன்று பக்கம் மலையும் நாலாவது பக்கம் கூரையில்லாத பேருந்து நிறுத்தமும் உள்ள மேலச்சுனையில், ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் ஆவணி முடியும் வரை துவைத்த துணி காயாது, உப்பு உதிராது, தீக்குச்சி பற்றாது, கரையான் மட்டும் சோர்வில்லாமல் உழைக்கும். அந்தக் கரையானிடமிருந்து ஊரின் நூற்றுப் பதினேழு வீட்டுக் கதவு நிலைகளையும் உத்தரங்களையும் பதினாறு வருஷமாகக் காத்து வந்தவள் உலகம்மாள், அவள் காக்க முடியாமல் போன ஒரே சாமான் அவள் புருஷன் குத்தாலிங்கம்.

விஷம் வைக்கிற வழக்கமும் அந்த ஊரில் ஒரு காலத்தில் இருந்தது. ஒரு சாரலில் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து டவுனிலிருந்து டப்பா மருந்து வாங்கி வந்து சுவரோரம் ஊற்ற, கரையான் அடுத்த தெருவுக்குக் குடிபோய்விட்டது, கிணற்று மீன்கள்தான் வயிற்றைக் காட்டி மிதந்தன. அதற்குப் பிறகு எல்லோரும் உலகம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு சுரண்டியும் ஒரு தூக்குவாளி வேப்பெண்ணெயுமாக வருவாள், வந்தவுடன் வாளியைத் திறக்க மாட்டாள். எந்த ஓடு ஒழுகுகிறது, எந்தக் குழாய் கசிகிறது, எந்த விறகு சுவரில் சாய்ந்து நிற்கிறது, எந்த மரக்கால் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, கரையானை விட்டுவிட்டு வீட்டுக்காரரைத்தான் முதலில் திட்டுவாள். ஒழுகலை அடைத்த பிறகு சுவரைச் சுற்றிக் குழி பறித்து, கரையானால் வழி போட முடியாத பருமணலை நிரப்புவாள். மண்ணுக்குச் சுண்ணாம்பு, நிலைக்காலுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய், உத்தரத்துக்கு வெண்காரம் கரைத்த தண்ணீர். கூடு பெரிதாக இருந்தால் மட்டும் பானை. பழைய பானை ஒன்றில் சாணியும் ஓலையும் கந்தல் துணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் கவிழ்த்து வைத்தால், விடிந்ததும் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். கோழி முன்னால் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

"நவுராமக் கெடக்கதத்தான் அது தேடி வரும்," என்பாள். "மாசத்துக்கு ஒருக்கா சாமான எடம் மாத்திப் போடுங்க. அதுக்கு மேல ஒரு மருந்து கெடயாது."

ஊர் கேட்டது. குத்தாலிங்கம் கேட்கவில்லை. மலையடிவாரச் சோதனைச் சாவடியில் குறுக்குக் கம்பத்தைத் தூக்கி இறக்கும் வேலையை முப்பது வருஷம் பார்த்தவர் அவர், அதையும் உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்துத்தான் பார்த்தார். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் விழுந்த மாலையோடு வந்து, வீட்டின் முன்கூடமான தார்சாவில் கிடந்த பலாமர நாற்காலியில் உட்கார்ந்தவர், குளிக்கவும் படுக்கவும் மட்டும் முனகிக்கொண்டே எழுந்து, மற்ற நேரமெல்லாம் அங்கிருந்தே மழையைப் பற்றியும் மந்திரிசபையைப் பற்றியும் அடுத்த வீட்டு மீன்குழம்பைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லிவந்தார். நாற்காலியின் பின்கால்கள் இரண்டும் தரை பெயர்ந்து மண் தெரிந்த இடத்தில் நின்றன. அந்த மண்ணுக்கு அடியில்தான் குளியலறைக் குழாய் கசிந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் எந்திரிங்க. அடியில சுண்ணாம்பு போட்டுட்டு, அந்தக் கொழாய மாத்திருதேன்."

"இப்பமே எந்திரிக்கணுமாக்கும்? நாளைக்கு எந்திரிக்கேன்."

இந்தப் பேச்சு பதினோரு வருஷம் நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் உலகம்மாள் காப்பியைக் கொண்டுவந்து நாற்காலிக் கையில் வைத்துவிட்டு, சீனி பத்தாது என்ற வார்த்தைக்காகக் காத்து நின்றாள். வரவில்லை. குனிந்து பார்த்தபோது அவருடைய இடது குதிகாலில் இருந்து ஒரு மண்கோடு கிளம்பி, கெண்டைக்கால் வழியாக வேட்டிக்குள் போயிருந்தது. நகத்தால் கீறினாள். உள்ளே கரையான்கள் வெள்ளையாக ஓடின. பிறகு ஊரார் வீட்டு நிலைக்காலைத் தட்டிப் பார்ப்பதுபோல விரல் கணுவால் கணுக்காலில் இருந்து மேலே தட்டிக்கொண்டே போனாள், முழங்கால் வரை டொக்கென்றது, இடுப்பில் மந்தமாக இருந்தது, நெஞ்சில் மண்ணின் சத்தம் வந்தது. முழுக்கப் பிடித்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள். குறை சொல்ல முடியாத வேலை. வேட்டியைத் தின்று அதே மடிப்போடு மண்வேட்டி கட்டியிருந்தன, பனியனில் இருந்த ஓட்டையைக்கூட விடவில்லை, மூக்குக் கண்ணாடி மட்டும் பழையது. கையில் இருந்த செய்தித்தாளும் மண்தான்; எழுத்து மட்டும் இல்லை, அதை அவர் ரொம்ப நாளாகவே படிப்பதில்லை.

பக்கத்து வீட்டுப் பூலம்மாளைக் கூப்பிட்டாள்.

"இவியளப் பாரு பிள்ள."

"என்ன மதினி, எப்பமும்போலத்தான இருக்காவ?"

"தட்டிப் பாரு."

பூலம்மாள் தோளில் தட்டிப் பார்த்தாள். கையில் ஒட்டிய மண்ணை முகர்ந்தும் பார்த்தாள். "ஆமா, கரையாந்தான். ஆனா ஒண்ணு சொல்லட்டா? முன்னைக்கு இப்பம் அண்ணாச்சி கொஞ்சம் நெறமா இருக்காவ."

அவர் எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பதினாறாம் நாள் காரியம் செய்ய வேண்டுமானால் முதல் நாள் எதுவென்று தெரிய வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். சிலர் போன ஆடியாக இருக்கும் என்றார்கள், சிலர் தைக்கே ஆள் சரியில்லை என்றார்கள், அவரோடு சாவடியில் வேலை பார்த்த ஒருவர் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலேயே சந்தேகப்பட்டதாகச் சொன்னார். தேதி கிடைக்காததால் துக்கமும் கிடைக்கவில்லை. உலகம்மாள் கழுத்தில் தாலியும் நெற்றியில் பொட்டுமாகத் தன் பாட்டுக்கு இருந்தாள், நாலு நாள் காப்பியில் சீனியே போடாமல் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள், ஐந்தாவது நாள் காப்பி வைப்பதை நிறுத்தினாள்.

பேச்சும் முழுக்க நின்றுவிடவில்லை. மலைக்காற்று அடிக்கும்போது அவருக்குள் இருந்த வழிகளில் புகுந்து வெளியே வந்தது, அப்போது "ம்" என்று ஒரு சத்தம் கேட்டது. ஊர் இதைக் கவனித்தது. வாய்க்கால் வரப்புக்காக ஒன்பது வருஷம் முகம் பார்க்காத அண்ணன் தம்பி இருவர் வந்து, வரப்பு எனக்குத்தானே என்று அண்ணன் கேட்க "ம்" என்றது, எனக்குத்தானே என்று தம்பி கேட்க அதற்கும் "ம்" என்றது, இருவரும் கண்ணீர் மல்கத் திரும்பிப் போனார்கள். மேலச்சுனையின் சரித்திரத்தில் இரண்டு கட்சியும் ஜெயித்த முதல் வழக்கு அதுதான். முப்பது வருஷம் பேசி ஒருவரையும் சமாதானப்படுத்தாத குத்தாலிங்கம், பேச்சை விட்ட ஒரே மாதத்தில் பதினான்கு பஞ்சாயத்து முடித்தார். ரேஷன் கடையில் இருந்து முதியவர்களுக்காக விரல்ரேகைக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, சுண்ணாம்பில் தேய்ந்த உலகம்மாளின் கட்டைவிரலை வழக்கம்போல ஐந்து தடவையும் அது ஏற்கவில்லை. குத்தாலிங்கத்தின் மண்விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தியளா," என்றார் கருவியைக் கொண்டுவந்தவர், "உடம்பப் பேணுதவங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது."

பிறகு பெண்கள் வந்தார்கள். புற்றைக் கண்டால் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, பாலும் முட்டையும் விடுவது அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கையில் ஊறிய பழக்கம், புற்று எந்த உருவத்தில் இருக்கிறது என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செவ்வாயும் வெள்ளியும் தார்சாவில் நிற்க இடமில்லை. உயிரோடு இருந்த நாளில் ஒரு வாய் மோருக்கு நாலு குரல் கொடுக்க வேண்டியிருந்தவரின் தலையில் செம்பு செம்பாகப் பால் இறங்கியது. கல்யாணம் தள்ளிப்போனவர்கள் அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார்கள்.

உலகம்மாள் கும்பிடவில்லை, கோபப்படவும் இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய பிடரியில் இருந்து விரல் பருமனில் ஒரு மண்கோடு கிளம்பிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. அது எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். மேலே, தார்சாவில் இருந்து அடுக்களை வரை ஒரே மரமாக ஓடியது உத்தரம்; அவள் அம்மா வீட்டுப் பலா, புயலில் சாய்ந்ததை இரட்டை மாட்டு வண்டியில் ஏற்றிவந்து அறுத்தது. சுவர் அவள் ஊரார் வீட்டு மண்ணைச் சுரண்டிச் சுரண்டிச் சேர்த்த கூலியில் எழுப்பியது, ஒவ்வொரு மண்கல்லும் எந்த வீட்டு வேலையில் வந்தது என்று சொல்லுவாள். குத்தாலிங்கம் அந்த வீட்டுக்குத் தந்தது அந்த நாற்காலி மட்டும். உத்தரம் போனால் கூரை போகும், கூரை போனால் மண்சுவர் இரண்டு சாரல் தாங்காது. காலையில் எழுந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, கோட்டின் நுனியில் இருந்து உத்தரம் வரை முழங்கையால் அளந்து பார்த்தாள். ஐந்து முழம் இருந்தது. பால் ஊற்றிய வாரம் நான்காயிற்று. அடுத்த வெள்ளி மூன்று.

"பால மட்டும் ஊத்தாதிய," என்று பெண்களிடம் கேட்டாள். "ஈரம் பட்டா மளமளன்னு ஏறுது."

"சாமிக்கு ஊத்துத பால வேண்டாம்ங்கியளா மதினி?"

"சாமின்னு நான் சொல்லலயே. நீங்கதான சொல்லுதிய."

சுரண்டியை எடுத்துக்கொண்டு கோட்டை அழிக்கப் போனாள். அழித்தாலும் கரையான் நாளைக்கே வேறு வழி போட்டுக்கொள்ளும், இருந்தாலும் ஒரு நாள் கிடைக்குமே என்று பார்த்தாள். பூலம்மாளே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, சடைய அறுக்காதிய மதினி!"

அது சடை என்பது அப்போதுதான் உலகம்மாளுக்குத் தெரிந்தது. உயிரோடு இருந்தவரை உச்சியில் ஒன்பது முடி மட்டும் வைத்திருந்த மனிதருக்குச் சுவரேறும் சடை வளர்ந்துவிட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சானது, மறுநாள் பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளைப்பாண்டி ஆட்களோடு வந்து ஒரு தீர்மானத்தை வாசித்தார். அண்ணாச்சி இருக்கும் இடத்தைச் சுற்றி வேப்பெண்ணெய், சுண்ணாம்பு, வெண்காரம், முந்திரிக்கொட்டை எண்ணெய், பருமணல் ஆகியவற்றைக் கொண்டுவரக் கூடாது. எதையும் விட்டுவிடாமல் எழுதியிருந்தார்கள், அவளிடம் பதினாறு வருஷமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதல்லவா. அடியில் கையெழுத்துப் போட்டிருந்த நூற்றுப் பதினேழு பேரும் அவள் காத்துக்கொடுத்த கதவைத் திறந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வந்திருந்தார்கள்.

"என் வீடு விழுந்திரும் தம்பி," என்றாள் உலகம்மாள்.

"வீடு இன்னொண்ணு கெட்டிக்கிடலாம் மதினி. இன்னொரு குத்தாலிங்கம் அண்ணாச்சி கெடைப்பாவளா?"

"கெடைக்கக் கூடாதுன்னுதான் நானும் பாக்கேன்."

தலைவர் இதைப் பக்தியின் ஒரு வகையாக எடுத்துக்கொண்டு கைகூப்பினார். உலகம்மாள் தீர்மானத்தை வாங்கி ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "கோழி வளக்கலாம்லா?" என்று கேட்டாள்.

"கோழியா? அதுக்கு என்ன தடை? தாராளமா வளங்க."

அன்று சாயங்காலமே நாலு தாய்க்கோழியும் முப்பது குஞ்சும் வந்து சேர்ந்தன. உலகம்மாள் பரணில் இருந்து நாலு பழைய பானையை இறக்கினாள். சாணி போட்டாள், ஓலை போட்டாள், கந்தல் தேடியபோது கொடியில் கிடந்த குத்தாலிங்கத்தின் பழைய வேட்டி கையில் பட்டது. அதன் வாசனைக்குக் கரையான் வேகமாக வரும் என்று தொழில் தெரிந்தவளுக்குத் தெரியும். சிறிது நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், பிறகு நாலாகக் கிழித்தாள். தண்ணீர் தெளித்து நாற்காலியின் நாலு காலடியிலும் பானைகளைக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் கும்பிட வந்தவர்கள் அதைப் படையல் பானை என்று நினைத்து, ஆளுக்கொரு பூவைப் பானைமேல் வைத்தார்கள்.

விடிந்ததும் பானையைத் திறந்தால் அரிசி கொதிப்பதுபோல வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தன. கொல்லைக்குக் கொண்டுபோய்க் கொட்டினாள். குஞ்சுகள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு தின்றன. இப்படியே முதல் வாரம் போனது, கோடு இரண்டு முழத்துக்கு வந்தது. இரண்டாவது வாரம் ஒரு முழத்துக்கு வந்தது. வானத்தில் சாரல் மேகம் கூடிவிட்டது, மலை தெரியவில்லை, அவள் பானையை நாலில் இருந்து ஏழாக்கினாள்.

குஞ்சுகள் கொழுத்தன, தாய்க்கோழிகள் தினம் தவறாமல் முட்டையிட்டன. அந்த முட்டையின் மஞ்சள்கரு செம்பருத்தி நிறத்தில் இருந்ததைப் பார்த்த பெண்கள், அண்ணாச்சிக்கு விடுவதற்கு அண்ணாச்சி வீட்டு முட்டையைவிட உசத்தி எது என்று அதையே கேட்டு வாங்கி அவர் தலையில் உடைத்தார்கள். உடைத்த முட்டையைக் கரையான் தின்றது, கரையானைக் கோழி தின்றது, கோழி முட்டையிட்டது. உலகம்மாள் இதைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, கேட்டவர்களுக்கு முட்டை எடுத்துக் கொடுத்தாள்.

பதினெட்டாவது நாள் காலையில் ஒரு பானையைத் திறந்தபோது உள்ளே கரையான்கள் ஒரு கையைக் கட்டிவைத்திருந்தன. மணிக்கட்டு வரை இருந்தது. காப்பித் தம்ளருக்காகப் பக்கவாட்டில் நீட்டி, விரலைச் சற்றே மடக்கி, வராதா என்று பொறுமையில்லாமல் இருக்கும் அதே கை. உலகம்மாள் பானையைக் கீழே வைத்தாள். அடுக்களைக்குப் போனாள், திரும்பி வந்தாள், "கடேசியாக் கேக்கேன், எந்திரிக்கியளா?" என்று தார்சாப் பக்கம் பார்த்துக் கேட்டாள். அப்போது காற்று இல்லை. கொல்லைக்குப் போய்ப் பானையைக் கவிழ்த்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கோழிக்கு அந்தத் தயக்கம் எதுவும் இல்லை.

கோடு உத்தரத்துக்கு நாலு விரல் கீழே நின்றுவிட்டது. மறுநாளும் அங்கேயே நின்றது, அதற்கு மறுநாளும். ஸ்டூலில் ஏறி உத்தரத்தைத் தட்டினாள். பலாமரம் கணீரென்றது.

அடுத்த நாள் சாரல் விழுந்தது, காற்றும் வந்தது. குடியிருப்பவர்கள் இல்லாத வழிகளில் காற்று தாராளமாகப் புகுந்து வெளியேற, குத்தாலிங்கத்திடமிருந்து மூன்று தெருவுக்குக் கேட்கும்படி ஒரு நீண்ட "ம்" வந்தது. ஊரே திரண்டது. அண்ணாச்சிக்கு வாக்குப் பலித்துவிட்டது, இனி அவர் ஒழுகுகிற ஓட்டுக்கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது, பஞ்சாயத்து அலுவலகத்தின் காங்கிரீட்டு முகப்பில்தான் இருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவானது. தூக்குவதற்கு எட்டுப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைப்பாண்டி சும்மா நாற்காலிக் கையைப் பிடித்துப் பார்க்க, நாற்காலியோடு அவர் அப்படியே மேலே வந்துவிட்டார்.

"பாத்தியளாய்யா, அண்ணாச்சி காத்தா ஆயிட்டாவ! எல்லாத்தையும் விட்டுட்டாவ!"

பதினோரு வருஷத்துக்குப் பிறகு நாற்காலி தரையை விட்டுக் கிளம்பியது. உலகம்மாள் அதைத்தான் பார்த்தாள். மேளம் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். அண்ணாச்சி இல்லாத வீட்டில் தீர்மானமும் இல்லை. பெயர்ந்த தரையைத் தோண்டினாள், கசிந்த குழாயை மாற்றினாள், சுண்ணாம்பை அள்ளிப் போட்டாள், மேலே பருமணலைக் கொட்டி மிதித்தாள். பூலம்மாள் எட்டிப் பார்த்து, ஏன் மதினி கண்ணு செவந்திருக்கு என்று கேட்டபோது, சுண்ணாம்பு பட்டுவிட்டது என்றாள். பட்டதும் உண்மைதான்.

அந்தச் சாரலில் வீடு ஒழுகவில்லை.

சாரல் பாதி முடிவதற்குள் மேலச்சுனை ஆண்கள் யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள். குத்தாலிங்கம் என்ன பெரிதாகச் செய்துவிட்டார், உட்கார்ந்துதானே இருந்தார், நாம் உட்கார மாட்டோமா என்று முதலில் வாசகசாலைப் பக்கம் பேச்சு எழுந்தது. பிறகு பேச்சு நின்றது. தெருத்தெருவாக, வீட்டு முகப்பில், தரையைக் கொத்திவிட்டு மண்ணில் நாற்காலி போட்டு ஆண்கள் உட்கார்ந்தார்கள்.

ஒரு மத்தியானம் பூலம்மாள் கொல்லை வாசல் வழியாக வந்தாள்.

"மதினி, எங்க வீட்ல ஒரு வாரமா எந்திரிக்க மாட்டேங்காவ. காலு ரெண்டையும் மண்ணுக்குள்ள பொதச்சு வச்சிருக்காவ."

"கொழாய் ஒழுகுதா?"

"இவியளே ஒடச்சு விட்டிருக்காவ."

"எந்திரிக்கச் சொல்லிப் பாத்தியா?"

"நாளைக்கு எந்திரிக்கேங்காவ."

உலகம்மாள் உள்ளே போய் ஒரு பானையை எடுத்துவந்து கொடுத்தாள், கூடையைக் கவிழ்த்து, அடைவைத்துப் புதிதாய்ப் பொரித்த குஞ்சுகளில் ஆறைப் பிடித்துக் கொடுத்தாள், அவர் கட்டிய பழைய வேட்டி ஏதாவது இருந்தால் எடுத்து வைத்துக்கொள் என்றாள். பூலம்மாள் முந்தானைக்குள் குஞ்சுகளை மறைத்துக்கொண்டு போனாள். மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள், அதற்கு மறுநாள் ஐந்து பேர், எல்லோரும் கொல்லை வாசல் வழியாக, எல்லோரும் மத்தியானத்தில், ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல. ஐந்தாவது நாள் வெள்ளைப்பாண்டியின் சம்சாரம் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சாரலில் நனைந்தபடி வந்து நின்றாள். உலகம்மாள் பானையை எடுத்து வைத்துவிட்டு ஆறு குஞ்சு பிடிக்கக் குனிந்தாள்.

"ஆறு காணாது மதினி," என்றாள் தலைவர் சம்சாரம், குரலைத் தாழ்த்தி. "எங்க வீட்ல கொஞ்சம் பருமன். ஒரு பன்னெண்டாக் குடுங்க."